எழுபத்தோராவது வளைவு

கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர்க்காரர்கள் ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். வாந்தி எடுத்த களைப்பிலும் சிரித்தபடி எடுத்துக்கொள்வார்கள். பத்தொன்பது வருடமாக அந்தப் பாதையில் பஸ் ஓட்டுகிற எனக்கு அந்தப் பலகைகள் தேவைப்பட்டதில்லை. எந்த வளைவில் ஸ்டீயரிங்கை எங்கே ஒடிக்க வேண்டும் என்று கைக்கே தெரியும். அந்த எழுபதிலும் நான் யாரையும் இடித்ததில்லை. என் வண்டி ஒருவர் காலில் ஏறியது அடிவாரத்து ஊரில், சமதளத்தில், சிக்னல் விளக்குக்குக் கீழே, பகல் பதினொரு மணிக்கு. அந்தத் திருப்பத்தைத்தான் நான் எழுபத்தோராவது வளைவு என்கிறேன். அதற்குப் பலகை இல்லை.

மலை ரோடு இறங்கி வந்து அந்த ஊரின் பெரிய ரோட்டைச் சந்திக்கும் நாற்சந்தியில் சிக்னல் வைத்துச் சில வருடங்கள்தான் ஆகின்றன. சிக்னலுக்குச் சற்று முன்னால் ஒரு ஸ்டாப். மலை ஜனங்களில் முக்கால்வாசிப் பேர் அங்கேயே இறங்கிவிடுவார்கள். இடதுபக்கம் பிரியும் ரோட்டைக் குறுக்கே கடந்தால் ஆஸ்பத்திரியும் சந்தையும் வந்துவிடும். அவர்களை இறக்கிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போக நான் அதே இடதுபக்க ரோட்டுக்குள் திரும்ப வேண்டும். எனக்குப் பச்சை விழும் அதே நொடியில் அவர்களுக்கான விளக்கிலும் நடக்கிற மனிதன் பச்சையில் எரிவான். ஆக, இரண்டு நிமிடத்துக்கு முன்பு நான் பத்திரமாக இறக்கிவிட்ட ஆட்கள் நடக்கிற வெள்ளைக் கோடுகளின் மேல்தான் நான் வண்டியைத் திருப்பி ஏற்ற வேண்டும். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் போகச் சொல்லிவிட்டு, அந்த விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். நடக்கிறவர் பார்த்து நடப்பார் என்று நான் நினைத்தேன். டிரைவர் பார்த்துத் திருப்புவார் என்று அவர்கள் நினைத்தார்கள். இப்படியே ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் மலைப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். மலை ரோட்டில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நடக்கிறவர்களுக்கென்று தனியாக ஓரம் கிடையாது. வளைவுக்கு அந்தப்புறம் என்ன வருகிறது என்பது காதுக்குத்தான் முதலில் தெரியும். அதனால் வளைவில் நடக்கும்போது பஸ் ஹாரன் கேட்டால், நிற்கிற இடத்திலேயே நின்றுவிட வேண்டும். ஓடக்கூடாது, ஒதுங்கக்கூடாது, திரும்பிக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. நிற்கிற ஆளைச் சுற்றி வண்டியைக் கொண்டுபோவது டிரைவரின் பொறுப்பு. இங்கே ஓர் அடி, அங்கே ஓர் அடி என்று தடுமாறுகிற ஆளைத்தான் எங்களால் காப்பாற்ற முடியாது.

இதற்கு இன்னொரு பாதியும் உண்டு. மாடு கன்றோடு வருகிறவர்களுக்கோ, தலைச்சுமையோடு வருகிறவர்களுக்கோ வண்டியை நிறுத்தி வழிவிட்டால், இஞ்சினை அணைத்துவிடுவோம். இஞ்சின் ஓடுகிற வண்டிக்குக் குறுக்கே மலையில் யாரும் போகமாட்டார்கள். நீங்கள் கையை எவ்வளவு ஆட்டினாலும் போகமாட்டார்கள். சத்தம் நின்றால் நடப்பார்கள். நான் குண்டனி நாட்டில் பிறந்தவன்; மலையில் பல ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். எனக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததாக நினைவில்லை. நடக்கப் பழகியபோதே சேர்ந்து பழகியது.

இனி அந்த அக்காவைப் பற்றி. வளப்பூர் நாட்டுக்காரர், ஐம்பதை ஒட்டிய வயது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறார். மூங்கில் ஏணியைச் சாத்தி, மேலே ஏறித் தானே பறிப்பார். ஆள் வைத்தால் பாதி மிளகைக் கீழே சிந்திவிடுவார்கள் என்று ஆள் வைக்கமாட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் என் பஸ்ஸில் ஏறி, இஞ்சின் மூடிக்குப் பக்கத்து சீட்டில் மிளகுப் பையை மடியில் வைத்து உட்காருவார். வழியெல்லாம் என் ஓட்டத்துக்கு மார்க் போட்டுக்கொண்டே வருவார்.

"ஏனுங்க தம்பி, நாப்பத்திரண்டுல இன்னிக்கி அவசரப்பட்டுட்டீங்களே."

"இல்லீங்க அக்கா, எதுக்க கார் வந்துச்சுங்க."

"கார் வந்தா அவன் நிக்கோணும். நீங்க ஏன் குலுக்குறீங்க? மொளகெல்லாம் பொடியாகிப் போயிரும்."

எனக்குக் கோபம் வரும். ஆனால் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். அவர் வராத வெள்ளிக்கிழமைகளில் வண்டியை நன்றாக ஓட்டினேனா இல்லையா என்றே எனக்குத் தெரியாது.

சம்பவம் நடந்த அன்று அவர் வந்திருந்தார். மேலே ஒரு வளைவில் சுற்றுலாக்காரர்களின் வேன் ஒன்று பின்னாலும் போகாமல் முன்னாலும் போகாமல் மாட்டிக்கொண்டதில் எனக்கு இருபது நிமிடம் போயிருந்தது. கடுகடுவென்றுதான் இறங்கி வந்தேன். ஸ்டாப்பில் ஆட்களை இறக்கிவிட்டேன். அக்கா இறங்கும்போது, "வாரேன் தம்பி" என்றார். விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை விழுந்தது, எடுத்தேன்.

திரும்பும்போது பார்க்கிறேன், அக்கா ஓரத்திலிருந்து இரண்டு எட்டு கோட்டின் மேல் வந்திருக்கிறார். அவருக்கும் பச்சைதான். பிரேக்கில் கால் வைப்பதற்குப் பதிலாக ஹாரனில் கை வைத்தேன். ஒரே ஒரு அடி. அக்கா நின்றார். தலையைக்கூடத் திருப்பவில்லை.

அவர் நின்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை நான் மறைக்கப்போவதில்லை. மலையில் எத்தனையோ ஆயிரம் தடவை செய்ததுபோல முன்பக்கத்தை அவரைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோனேன். ஆனால் மலையில் வளைவு எடுக்கும்போது எதிர்ப்பக்கம் வரைக்கும் அகலமாகப் போய்த் திரும்புவோம். நீளமான வண்டியின் பின் சக்கரம், முன் சக்கரம் போன தடத்தில் வராது. உள்ளே வாங்கும். அகலமாகப் போனால்தான் உள்ளே வாங்கினாலும் இடம் மிச்சமிருக்கும். இங்கே இடதுபக்க ரோட்டில் ஒரு லாரி நிற்க வேண்டிய கோட்டையும் தாண்டி மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. அகலமாகப் போக வழியில்லை. எனக்கு ஒரு நான்கடி குறைந்தது. அந்த நான்கடியில் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

பின் சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியது இருக்கையில் தெரிந்தது. பை என்று நினைத்தேன். பையாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். இறங்கி ஓடிப் பார்த்தால், பையும்தான். வெள்ளைக் கோடுகளின் மேல் மிளகு சிதறிக் கிடந்தது. அக்கா ரோட்டில் உட்கார்ந்திருந்தார். இடது பாதத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்து, புரியாமல் கேட்பதுபோல, "நான் நின்னுட்டுத்தானே இருந்தேன் தம்பி?" என்றார்.

நாற்சந்தியின் முனையில் மிளகு வாங்குகிற கடை வைத்திருக்கும் பாய்தான் முதலில் ஓடிவந்தார். அந்த அக்கா வாராவாரம் மிளகு போடுவது அவரிடம்தான். ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து, அவரை உட்கார வைத்து, நாற்காலியோடு தூக்கிப் போய் ஆட்டோவில் ஏற்றினார். ஆஸ்பத்திரி கண்ணுக்கு எதிரே இருந்தது. ரோட்டைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. அந்த ரோட்டைத்தான் தாண்ட முடியவில்லை.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. நல்ல மனிதராகத்தான் நடந்துகொண்டார். தண்ணீர் கொடுத்தார். பாய் கடையில் ரோட்டைப் பார்த்து ஒரு கேமரா உண்டு. அதில் பதிந்ததைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். அக்கா நடந்து வருகிறார். இரண்டாவது எட்டில் சும்மா நின்றுவிடுகிறார். பஸ்ஸின் முன்பக்கம் அவரைத் தாண்டிப் போகிறது. அதற்குமேல் நான் பார்க்கவில்லை.

"பாத்தீங்களா? நடந்து வந்தவங்க நடுரோட்டுல அவங்களா நிக்கிறாங்க. ஒண்ணு போகணும், இல்ல பின்னால வாங்கணும். இப்படி நின்னா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார் எஸ்.ஐ.

அந்தப் படத்தில் சத்தம் இல்லை. ஹாரன் அதில் பதியவில்லை. கண்டக்டர் பக்கத்தில் நின்று என் தோளை அழுத்தினார். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். பாதசாரி திடீரென நின்றுவிட்டதால் என்று எழுதியிருந்ததில் நான் கையெழுத்துப் போட்டேன். எழுதியிருந்தது பொய்யில்லை. அவர் திடீரென்றுதான் நின்றார். பொய் சொல்லாமலே ஒருவர் மேல் பழியைப் போட முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மூன்று நாள் கழித்துத்தான் அக்காவைப் பார்க்கப் போனேன். போகாமல் இருக்க நான் தேடிய காரணங்கள் எனக்கே வெட்கமாக இருந்தன. இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். பாதத்து எலும்புகள் சேர நாளாகும், சேர்ந்தாலும் முன்பாதத்தை ஊன்றி ஏணி ஏறுவது சந்தேகம்தான் என்று டாக்டர் சொன்னாராம். இதையெல்லாம் அக்கா யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னார். அவருடைய மனதில் வேறொன்று இருந்தது.

"ரோட்டுல நடக்கத் தெரியாத மலைக்காரின்னு எழுதிட்டாங்களாமே. அப்படியா?"

"அப்படி எழுதலீங்க அக்கா."

"வேற எப்படி எழுதுனாங்க?"

நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"நான் ஏன் நின்னேன்னு உங்களுக்குத் தெரியுமுங்களே தம்பி. ஹாரன் அடிச்சேன்னு சொன்னீங்களா, இல்லீங்களா?"

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எங்களையே பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, அந்தக் கட்டிலில் இருந்தவர்கள் மேல். அப்போது யார் மேலாவது கோபப்பட்டாக வேண்டியிருந்தது. இல்லீங்க என்றேன். அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

விசாரணை முடியும்வரை டிப்போவில் எனக்கு வண்டி கொடுக்கவில்லை. அன்று ஊருக்குப் போகப் பயணியாக ஏறினேன். இஞ்சின் மூடிக்குப் பக்கத்து சீட் மட்டும்தான் காலியாக இருந்தது. அக்காவின் இடம். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் டிரைவரின் கையும் தெரிகிறது, ரோடும் தெரிகிறது. எத்தனையாவது வளைவு என்று நினைவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். வளைந்ததும், விறகுக்கட்டைத் தலையில் வைத்த ஒரு பெண் ரோட்டின் மேலேயே அசையாமல் நின்றுகொண்டிருந்தார். முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பஸ் அகலமாகப் போய் அவரைச் சுற்றிக்கொண்டு ஏறியது. கடந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். பயமே இல்லை. ஓட்டுகிறவன் யார் என்றுகூட அவருக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் தன்னை இடிக்கமாட்டான் என்று நின்றிருந்தார். பத்தொன்பது வருடமாக எத்தனை முதுகுகள் என்னை இப்படி நம்பி நின்றிருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மலையிறங்கி ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன்.

எஸ்.ஐ. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"எல்லாம் முடிஞ்ச கேஸ். நீங்களா வந்து தலையக் குடுக்குறீங்க. ஹாரன் அடிச்சா யாராவது நடுரோட்டுல நிப்பாங்களா? ஓடத்தான் செய்வாங்க."

"எங்க ஆளுங்க நிப்பாங்க சார்."

"அது எப்படி நம்பறது?"

"பதினொரு மணிக்கு மலை பஸ் வருமுங்க. வந்து பாருங்க சார்."

அவருக்கு என் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஆனாலும் வந்தார். பாய் கடை வாசலில் நின்றோம். பஸ் வந்து ஸ்டாப்பில் நின்றது. ஓட்டி வந்தவர் என்னுடைய சிநேகிதர். அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன், ஆட்கள் பாதி ரோட்டுக்கு வந்ததும் வண்டியை அசைக்காமல், நின்ற இடத்திலிருந்தே ஒரு ஹாரன் அடிக்கும்படி. இடதுபக்கம் திரும்புகிற வண்டிகளை எஸ்.ஐ.யே ஒரு கான்ஸ்டபிளை விட்டு நிறுத்தச் செய்தார்.

பச்சை மனிதன் எரிந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் ஏழெட்டுப் பேரும், ஊர்க்காரர்கள் அதே அளவு பேரும் கோட்டின் மேல் இறங்கினார்கள். பாதி தூரம் போனார்கள். ஹாரன் அடித்தது. ஊர்க்காரர்களில் இரண்டு பேர் ஓடினார்கள். ஒருவர் திரும்பிப் பார்த்துத் திட்டினார். மற்றவர்கள் காதில் வாங்காமல் நடந்தார்கள். மலைக்காரர்கள் மட்டும் நின்றுவிட்டார்கள். அத்தனை பேரும், ஒரே நேரத்தில், எடுத்து வைத்த காலை அப்படியே ஊன்றி நின்றார்கள். ஊர்க்காரர்கள் அவர்களை இடித்துக்கொண்டும் விலகிக்கொண்டும் போனார்கள். பாதத்துக்குக் கீழே வெள்ளைக் கோடு, தலைக்கு மேலே பச்சை விளக்கு. அவர்கள் பாட்டுக்கு ஏதோ ஒரு வண்டி தங்களைச் சுற்றிப் போவதற்காகக் காத்திருந்தார்கள். வண்டி எதுவும் வரவில்லை என்று தெரிந்த பிறகு மெல்ல நடக்க ஆரம்பித்தார்கள்.

பாய்தான் முதலில் பேசினார். "இத்தன வருசமா கல்லாவுல உக்காந்து இதத்தான் பாத்துட்டு இருந்திருக்கேன். நிக்கிறாங்க, நிக்கிறாங்கன்னு எரிச்சல்தான் பட்டிருக்கேன். ஏன் நிக்கிறாங்கன்னு ஒரு நாளும் யோசிக்கல" என்றார்.

திரும்ப எழுதினார்கள். ஹாரன் அடித்தேன், நின்றவரைத் தாண்டிப் போக இடம் இல்லை என்று தெரிந்தும் திருப்பினேன் என்று நானே சொல்லி எழுத வைத்தேன். அதற்கு உரியது எனக்கு வந்தது. கேஸ் வந்தது, சில மாதங்களுக்கு லைசென்ஸ் போனது. கண்டக்டர் என்னைப் பைத்தியக்காரன் என்றார். வீட்டிலும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்கள். அக்காவிடம் யாரோ போய் விஷயத்தைச் சொன்னபோது, "சரி" என்றாராம். அவ்வளவுதான். அதற்குமேல் எதையும் எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

எஸ்.ஐ. எழுதிப் போட்டதால் நகராட்சியிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். சின்ன வயதுப் பெண். குடையைப் பிடித்துக்கொண்டு நாலைந்து நாள் அந்த முனையிலேயே நின்று பார்த்தார். வேலை இல்லாமல் இருந்ததால் நானும் கூட நின்றேன். அப்போதுதான் அந்த ரோட்டை முதன்முதலாக நடந்து கடந்தேன். பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட நடந்ததில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்து பார்க்கும்போது அகலமில்லாத சந்தாகத் தெரிந்தது, நடக்கும்போது முடியவே மாட்டேன் என்றது. வலது தோளுக்குப் பின்னால் இஞ்சின் உறுமுவதைக் கேட்டுக்கொண்டே பச்சை விளக்கை நம்பி நடப்பது எப்படி என்று தெரிந்தது. ஒவ்வொரு டிரைவரையும் லைசென்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வாரம் அங்கே குறுக்கே நடக்கவிட வேண்டும். என்னைக் கேட்டால் இதைச் சட்டமாகவே போட்டுவிடுவேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல பச்சை வர்றதுதாங்க தப்பு" என்றார் அந்தப் பொறியாளர். "நடக்கிறவங்களுக்கு முதல்ல குடுப்போம். அவங்க பாதி ரோட்டுக்கு வந்த பிறகு வண்டிக்குக் குடுப்போம். கண்ணுக்கு நேரா ஆள் நடந்துட்டு இருந்தா எந்த டிரைவரும் ஏத்த மாட்டாரு."

முனையில் நடைபாதையைக் கொஞ்சம் வெளியே இழுத்துக் கட்டினால் திரும்புகிற பைக்கும் காரும் வேகத்தைக் குறைத்தாக வேண்டும் என்றும் சொன்னார். நான் குறுக்கிட்டேன். "காருக்குச் சரிங்க அம்மணி. பஸ்ஸுக்கு முனைய இறுக்குனீங்கன்னா பின்சக்கரம் நடைபாதை மேலயே ஏறும். எதுக்க லாரி நிக்கிற கோட்டப் பத்தடி பின்னால தள்ளுங்க. மலையில எடுக்கற மாதிரி அகலமா எடுத்துத் திருப்பிக்கிறோம்." அவர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நான் சொன்னதைப் படமாக வரைந்துகொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, உடனே அந்தச் சந்தோஷம் உறுத்தவும் செய்தது. இந்த நான்கடியை நான் முன்பே யாரிடமாவது கேட்டிருக்கலாம். தினமும் அந்த லாரிகளைத் திட்டிக்கொண்டே திருப்பிக்கொண்டிருந்தேனே தவிர, ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சொன்னபடி எல்லாம் செய்தார்கள், கொஞ்சம் தாமதமாக. நடக்கிறவர்களின் விளக்கு முந்திக்கொண்டது. முனை வெளியே வந்தது, எதிர்க்கோடு பின்னால் போனது. ஹாரன் அடிக்கக்கூடாது என்று ஒரு பலகையும் வைத்தார்கள். அதை யாரும் படிக்கிற மாதிரி தெரியவில்லை.

லைசென்ஸ் திரும்பக் கிடைத்து நான் வண்டி எடுத்த முதல் வாரம். வெள்ளிக்கிழமை. வளப்பூர் நாட்டு ஸ்டாப்பில் அக்கா கம்பு ஊன்றி நின்றிருந்தார். காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று கண்டக்டர் சொன்னார். பின் வாசல் வழியாக ஏறி, பின்னால் எங்கோ உட்கார்ந்தார். இஞ்சின் மூடிக்குப் பக்கத்து சீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். நாற்பத்திரண்டாவது வளைவை நான் எடுத்ததுபோல அதுவரை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சிக்னல் ஸ்டாப்பில் அவர் பின்வாசல் வழியாகவே இறங்கினார். எனக்குச் சிவப்பு. முதலில் நடக்கிறவர்களுக்குப் பச்சை விழுந்தது. எல்லோரும் இறங்கி நடந்தார்கள். அக்கா கடைசியாக, கம்பை ஊன்றி, பாதத்தின் வெளிவிளிம்பை வைத்து மெல்ல இறங்கினார். மற்றவர்கள் பாதி ரோட்டைத் தாண்டியபோது அவர் மூன்றாவது எட்டில் இருந்தார். எனக்குப் பச்சை விழுந்தது.

நான் அசையவில்லை. எனக்குப் பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அக்கா நின்றுவிட்டார். கிட்டத்தட்ட அதே இடத்தில், அதேபோல, முகத்தைத் திருப்பாமல் நின்றார். கை காட்டிப் பயனில்லை, அவர் பார்க்கமாட்டார். கத்திச் சொல்லலாம், ஆனால் என் குரலை அவர் நம்புவார் என்று எனக்குத் தோன்றவில்லை. பின்னால் ஹாரன்கள் கூடிக்கொண்டே போயின. அவர் நின்றுகொண்டே இருந்தார்.

நான் இஞ்சினை அணைத்தேன்.

கண்டக்டர், "என்னங்க ஆச்சு?" என்று கேட்டார். பின்னாலிருந்து ஒருவன் பைக்கை விட்டு இறங்கி வந்து என் ஜன்னலில் தட்டி வாய்க்கு வந்தபடி பேசினான். அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு வார்த்தை இருந்தது, ஆனால் நான் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை இரைச்சலுக்குள்ளும் ஒரு இஞ்சின் நின்றது அவருக்குக் கேட்டது. தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். பிறகு கம்பை எடுத்து முன்னால் வைத்தார். அடுத்த எட்டு. அதற்கடுத்த எட்டு.

நடுவில் பச்சை போய் எனக்குச் சிவப்பு விழுந்தது. அவர் எதிர் நடைபாதையில் ஏறி ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்து நடந்தார். என் பஸ்ஸின் வழிக்குக் குறுக்கே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் போனவர், அந்த விறகுக்கட்டுப் பெண்ணைப்போலவே, ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.